முகாம் காசு: ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. வீடு, அரிசி, கரண்ட் எல்லாம் அரசாங்கம் கொடுக்கிறது, அதற்கு மேல் மாதாமாதம் பணம் எதற்கு, பொருளாகவே கொடுத்தால் வீணாகாதே என்கிறீர்கள். அடுத்ததாக, அந்த ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறில் ஒரு குடும்பத்துக்கு என்ன மாறிவிடும் என்றும் கேட்கிறீர்கள். கடைசியாக, உங்கள் சங்கம் சார்பில் இந்தக் கிறிஸ்துமஸுக்கு முகாமில் ஏதாவது செய்ய நினைக்கிறீர்கள், பொருளா பணமா என்று தெரியவில்லை.

முதல் கேள்விப்படி பணம் அதிகம். இரண்டாவதன்படி போதாது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பது நீங்கள் மட்டும் இல்லை. எங்கள் கடைத் திண்ணையில் இதை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன்.

கடை என்றதும் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால், பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே, விளவங்கோடு பக்கம் அப்பா வைத்திருந்த மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தவன். கடைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு முகாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மொத்தம் நான்கு முகாம்கள்: பெருமாள்புரம், பழவிளை, ஞாறாம்விளை, கோழிவிளை. அதில் எது என்று சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் ஆட்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

ஒரு சின்ன விஷயம். நம்மூரில் பணத்துக்குப் 'பைசா' என்போம். முகாமில் 'காசு'. அரசு ஆணையில் அதற்குப் பெயர் 'பணக்கொடை'. கொடை என்ற அந்தச் சொல்லில்தான் பாதிக் குழப்பமும் தொடங்குகிறது என்று எனக்கு ஒரு எண்ணம். கொடை என்றால் வாங்குகிறவர் கை கீழே இருக்கும். அப்பாவின் பற்று நோட்டில் அது அப்படித் தெரியவில்லை.

முதலில் தொகையைப் பார்த்துவிடுவோம். 2011இல் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாய், மற்ற பெரியவர்களுக்குத் தலா 750, 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 400 என்று ஆனது. பத்து வருடம் அப்படியே இருந்தது. 2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தபோது அது 1,500, 1,000, 500 என்று உயர்ந்தது. முகாம்களின் பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது அப்போதுதான். அன்று சொன்ன கணக்குப்படி, மாநிலம் முழுக்க 108 முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே போலீசில் பதிந்துகொண்டு சொந்தமாக வாடகைக்கு இருப்பவர்கள் 34,087 பேர். அவர்களுக்கு இந்த மாதாந்திரக் காசு கிடையாது. இதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

ஒரு குடும்பத்துக்குக் கணக்குப் போடலாம். அப்பா, அம்மா, பாட்டி, பன்னிரண்டுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள். 1,500, 1,000, 1,000, 500, 500. மொத்தம் 4,500. நாளுக்கு 150 ரூபாய், தலைக்கு 30. வேலை கிடைத்தால் ஒரு பெயிண்டர் நாலைந்து நாளில் சம்பாதிக்கிற தொகை. இதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகாமல் காலாட்டிக்கொண்டு உட்கார யாராலும் முடியாது. முகாமில் வீட்டுக்கு ஒரு பெயிண்டராவது இருப்பார். கொத்தன், கையாள், ரப்பர் வெட்டு என்று ஆண்கள் போவார்கள். பெண்களில் பலர் அண்டியாபீஸுக்குப் போவார்கள். (வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு நம் பக்கத்தில் அதுதான் பெயர்.)

அப்படியென்றால் இந்தக் காசின் வேலை என்ன? சொல்கிறேன். அது எவ்வளவு வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் விஷயம்.

அப்பாவின் பற்று நோட்டு நீளவாக்கில் தைத்த பழைய மாடல். ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம். முகாம்காரர்களை அவர் பெயரால் எழுத மாட்டார், ஊரால் எழுதுவார்: மன்னார் அக்கா, வவுனியா வாத்தியார், திருகோணமலைப் பாட்டி. மன்னார் அக்கா பக்கத்தை எடுத்தால் ஒரு மாதம் இப்படிப் போகும். தேங்காய் எண்ணெய் கால் லிட்டர், மிளகாய்த்தூள், தீப்பெட்டி, சோப்பு ஒன்று, கருவாடு 20 ரூபாய்க்கு, பால்பொடி பாக்கெட் சின்னது, நோட்டு இரண்டு, மறுபடி பால்பொடி. அரிசி மட்டும் இருக்காது. அரிசி ரேஷனில் வருகிறது. குடும்பத்துக்கு 20 கிலோ வரை விலையில்லாமல் கிடைத்தது, அதற்கு மேல் வாங்கினால் கிலோவுக்கு 57 பைசா கட்ட வேண்டியிருந்தது, 2021இல் அதையும் ரத்து செய்துவிட்டார்கள். ஆக, சோறு இருக்கிறது. சோற்றைத் தின்ன வைக்கிற மற்றதெல்லாம் எங்கள் கடையில் இருக்கிறது. அந்த இடைவெளியைத்தான் காசு அடைக்கிறது.

"அண்ணாச்சி, காசு வந்தோண்ண தாறன்" என்பார் அக்கா. அப்பா தலையை ஆட்டி எழுதிக்கொள்வார். மழையில் வேலை நிற்கும் ஜூன் மாதத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் பெயிண்டர் ஒருவர் வந்து நின்றால் அப்பா கொஞ்சம் யோசிப்பார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்: நம்ம ஆளுக்கு இல்லாத கடன் அவங்களுக்கு எப்படி? "லே, அவளுக்குப் பைசா எப்பம் வரும்னு எனக்குத் தெரியும். இவனுக்கு எப்பம் வரும்னு அவனுக்கே தெரியாது" என்றார்.

பொருளியல் படித்தபோது இதை வேறு பெயர்களில் பக்கம் பக்கமாகப் படித்தேன். அப்பா அதை மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிட்டார்.

நம் மாவட்டத்தில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளுக்குப் பெரும்பாலும் ஒரு மழைக்காலம். நமக்கு இரண்டு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஜூனில் பிடித்தால் வெளிச்சுவர் பெயிண்டிங் நின்றுவிடும், ரப்பர் பாலும் வெட்ட முடியாது. கொஞ்சம் மூச்சு விட்டு வேலை சூடுபிடிக்கும்போது ஐப்பசி மழை வந்துவிடும். தினக்கூலிக்கு இது வருடத்தில் நாலைந்து மாதம் வருமானத்தில் ஓட்டை. சொந்தக்காரர்கள், சொந்த நிலம், கூட்டுறவு வங்கியில் நகை என்று உள்ளூர்க்காரனுக்கு ஏதோ ஒரு பிடி இருக்கும். முகாம்காரருக்கு நிலம் இல்லை. வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. சொந்தக்காரர்கள் இன்னொரு முகாமில் இதே மழையில் இருப்பார்கள். அந்த மாதங்களில் வாரவட்டிக்காரன் வாசலுக்குப் போகாமல் தள்ளிவிடுவதுதான் 4,500 ரூபாய் செய்கிற வேலை. நூறு ரூபாய்க்கு வாரம் பத்து ரூபாய் வட்டி என்று ஓடுகிற கடனில் ஒருமுறை விழுந்தால், அப்புறம் வரும் நல்ல மாதங்களின் கூலியும் அங்கேதான் போகும். அதனால் சொல்கிறேன், இந்தக் காசின் பலனைப் பார்க்க என்ன வாங்கினார்கள் என்று பார்ப்பதோடு எதை அடகு வைக்காமல் தப்பினார்கள் என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவது கண்ணில் படாது. அதனால்தான் 'என்ன மாறிவிடும்' என்ற கேள்வி வருகிறது.

ஒக்கி புயல் நினைவிருக்கிறதா? 2017 நவம்பர் 30. எங்கள் பக்கம் ரப்பர் மரங்கள் தீக்குச்சி மாதிரி முறிந்து கிடந்தன, வாழை முழுக்கப் படுத்துவிட்டது, கரண்ட் நாள்கணக்கில் இல்லை. முகாம் ஆட்களுக்குக் காசு கணக்கில் ஏறியிருந்தது. எடுக்க முடியவில்லை, ஏடிஎம் செத்துக் கிடந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அப்பா பற்று எழுதிக்கொண்டே இருந்தார், நோட்டில் பக்கம் தீர்ந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில்கூட எழுதினார். கரண்ட் வந்த மறுநாள் முகாம்காரர்கள் வரிசையாக வந்து அடைத்துவிட்டுப் போனார்கள். தோட்டம் இழந்த உள்ளூர்க்காரர்கள் சிலரின் பக்கம் அடுத்த ஓணம் வரை அடையவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தேதி என்று ஒன்று இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். காசு கணக்கில் இருந்தால் போதாது, கையில் எடுக்கவும் வழி வேண்டும் என்பதையும் அந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன்.

சரி, பொருளாகவே கொடுத்தால் என்ன?

பொருளாகவும் கொடுக்கத்தான் செய்கிறார்கள். துணி, பாத்திரம், கேஸ் அடுப்பு எல்லாம் 2021 அறிவிப்பில் உண்டு. கேஸில் மட்டும் ஒரு கலப்பு முறை: இணைப்பும் அடுப்பும் இலவசம், வருடத்துக்கு ஐந்து சிலிண்டர் வரை தலா 400 ரூபாய் மானியம். அடுப்பு மாதிரி ஒருமுறை வாங்குகிற, எல்லோருக்கும் ஒரே மாதிரி தேவைப்படுகிற பொருளைப் பொருளாகக் கொடுப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மொத்தமாக வாங்கினால் மலிவும்கூட. அரிசியும் அப்படித்தான், வெளிச்சந்தையில் விலை ஏறினாலும் வீட்டில் உலை வைக்கலாம். சிக்கல் அதற்குப் பிறகு. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பால்பொடி, சர்க்கரை நோய் இருக்கிற பாட்டிக்கு மாத்திரை, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு டியூஷன், குழித்துறை போய்வர பஸ் காசு. இதையெல்லாம் மூட்டை கட்டி யார் கொடுப்பது?

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரக் கிராமங்களுக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது ஞாபகம் இருக்கலாம். நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். ரோட்டோரம் குவிந்து மழையில் நனைந்து நாறியது. கொடுப்பவர் வீட்டில் எது மிச்சமோ அது வந்து சேரும், வாங்குகிறவர் வீட்டில் எது குறைவோ அது வராது. ஜோர்டானில் சிரியர்களுக்காக 2012இல் திறந்த ஸாத்தாரி முகாமில், கொடுத்த பொருளை விற்று வேண்டிய பொருளை வாங்குவதற்கென்றே கடைத்தெரு ஒன்று முளைத்தது. பாரிஸ் நகரத்தின் பகட்டான வீதிப் பெயரைக் கிண்டலாக அதற்கு வைத்தார்கள். விற்கிறார்களே என்று கோபப்படுவதில் பொருள் இல்லை. ஐம்பது ரூபாய்ப் பொருளை முப்பதுக்கு விற்று, அந்த முப்பதில் மருந்து வாங்குகிறவருக்கு நேராக ஐம்பதைக் கொடுத்திருக்கலாம். நடுவில் போன இருபது யாருக்கும் உதவவில்லை. பிறகு அந்த முகாமில் உணவு உதவியை மின்னணு முறைக்கு மாற்றி, கண்ணின் கருவிழியைக் கருவியில் காட்டிக் கடையில் சாமான் வாங்கும் ஏற்பாடு வந்தது. கென்யாவின் காக்குமாவில் 2015 முதல் செல்போன் வழியாக உணவுக்கான தொகையை அனுப்பினார்கள், பதிவு செய்த கடைகளில் மட்டும் செலவழிக்கலாம் என்று. இவை பாதிக் கிணறு. முழுக் காசாகக் கொடுக்க இன்னும் பலருக்குக் கை நடுங்குகிறது.

கை நடுங்குவதற்குக் காரணம் ஒன்றுதான், நீங்களும் நாகரிகமாகச் சுற்றிவளைத்து அதைத்தான் கேட்டீர்கள்: குடித்து அழித்துவிடுவார்களே. உலக வங்கியில் இருந்த டேவிட் எவன்ஸும் அன்னா பொப்போவாவும் 2014இல் இதையே கேள்வியாக எடுத்துக்கொண்டு, பல நாடுகளில் ஏழைகளுக்குக் காசு கொடுத்த திட்டங்களைப் பற்றிய 19 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். காசு வந்ததால் சாராயம், புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை; சில இடங்களில் குறைந்தும் இருந்தது. அப்படியானால் முகாமில் குடிப்பவர்களே இல்லையா? இருக்கிறார்கள், நம் தெருவில் இருக்கிற அளவுக்கு. குடிக்கிறவர் கூலிக் காசிலேயே குடிப்பார், பணக்கொடைக்காகக் காத்திருக்க மாட்டார்.

ஒரு வீட்டில் மட்டும் காசு வரும் அன்று சண்டை நடக்கும். அந்த அக்கா என்ன செய்தார் தெரியுமா? புருஷனுடைய ஏடிஎம் கார்டை எங்கள் கடைக் கல்லாவில் கொண்டுவந்து போட்டுவிட்டார். "தொலைஞ்சு போச்செண்டு சொல்லிப்போட்டன் அண்ணாச்சி" என்றார். கல்லாவில் சில்லறைக்கு அடியில் அந்தக் கார்டு இரண்டு வருடம் கிடந்தது. காசு ஏறிய அன்று மகனை அனுப்பி வாங்கிக்கொள்வார், எடுத்த பிறகு திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். யார் கணக்குக்குக் காசு போகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் கார்டு எனக்குக் காட்டியது. குடும்பத் தலைவர் என்று பெரும்பாலும் ஆண் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையில் ஆயிரம் ரூபாய் நேராகப் பெண்ணின் கணக்குக்கு வருகிறது; பின்னர் முகாம் குடும்பத் தலைவிகளுக்கும் அதை விரிவுபடுத்தினார்கள். இப்போது தம்பிதான் கடையைப் பார்க்கிறான். அவன் நோட்டில் எல்லோருக்குமே ஒரு புதுத் தேதி ஏறியிருக்கிறது: 15. உள்ளூர்ப் பெண்களுக்கும் அப்பாவின் பழைய கணக்குப்படி கடன் கிடைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அடுத்தது, இது நம் வரிப்பணம் என்ற பேச்சு. பணக்கொடையை முதலில் மாநில அரசு செலவழித்து மத்திய அரசிடம் திரும்பப் பெறுகிற ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் வரிப்பணம்தான். ஆனால் அந்தக் காசு எங்கே போகிறது? எங்கள் கடைக்கு வந்தது. எங்கள் கடையிலிருந்து மார்த்தாண்டம் மொத்த வியாபாரிக்குப் போனது. அங்கிருந்து தேங்காய் எண்ணெய்ச் செக்குக்காரருக்கும் கருவாட்டுக்காரிக்கும் போனது. முகாமில் யாரும் அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை, வைக்க மிச்சமும் இல்லை. ருவாண்டாவில் காங்கோ நாட்டு அகதிகள் இருக்கும் மூன்று முகாம்களை எட்வர்ட் டெய்லர் என்ற பொருளியலாளரும் அவருடைய குழுவும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். ஒரு அகதிக்கு வருடத்துக்கு 120 முதல் 126 டாலர் வரை காசாகக் கொடுத்தால், முகாமைச் சுற்றிய வட்டாரத்தின் உண்மை வருமானம் 205 முதல் 253 டாலர் வரை கூடியது. கொடுத்ததைவிடக் கூடுதல். காரணம் எளிது: மூட்டையில் வரும் சோளம் வெளியிலிருந்து வந்து வயிற்றுக்குள் போய் முடிந்துவிடும், காசு நாலு கை மாறும். என் வகுப்பில் இந்த ஆய்வைச் சொல்லும்போது அப்பாவின் கடையைத்தான் பலகையில் வரைவேன்.

லெபனானில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் கட்சிக்குக் கொஞ்சம் எதிராகவும் பேசுகிறது. 2013 குளிர்காலத்தில், 500 மீட்டருக்கு மேல் உயரமான இடங்களில் இருந்த சிரிய அகதிக் குடும்பங்களுக்குக் குளிரைச் சமாளிக்க ஏடிஎம் கார்டு வழியாகக் காசு கொடுத்தார்கள். எரிபொருளும் கம்பளியும் வாங்கத்தான் அந்தக் காசு. அவர்கள் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் செலவழித்தார்கள். பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவது குறைந்தது, பள்ளிக்கு அனுப்புவது கூடியது, ஆனால் குளிர் குளிராகவே இருந்தது. காசு போதாத இடத்தில் நாம் நினைத்த காரியத்துக்கு அது போகாது. வயிறு முந்திக்கொள்ளும். குடும்பம் தப்பாகச் செலவழித்தது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. தொகை தப்பு என்றுதான் நான் படிக்கிறேன்.

நம் முகாமுக்கும் அந்தக் குறை உண்டு. 2011இல் 1,000 ரூபாய், 2021இல் 1,500. பாதி கூடியது. அந்தப் பத்து வருடத்தில் நாட்டில் விலைவாசி ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறியிருந்தது. பிள்ளைகளின் தொகை 400லிருந்து 500, கால் பங்குதான் கூடியது. அதாவது உயர்த்திய நாளிலேயே, 2011இல் வாங்கிய சாமானை 2021இல் வாங்க முடியாது. அறிவிப்பு வந்த அன்று முகாமில் சந்தோஷப்பட்டார்கள், நானும் சந்தோஷப்பட்டேன். ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் இது உறைத்தது. அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி மாதிரி வருடாவருடம் தானாக ஏற வழி செய்யாமல், பத்து வருடத்துக்கு ஒருமுறை யாராவது மனம் வைத்து உயர்த்துவது என்றால் இடையில் இருக்கும் ஒவ்வொரு வருடமும் சத்தமில்லாமல் ஒரு வெட்டு.

பன்னிரண்டு வயது என்ற கோட்டையும் பாருங்கள். ஒரு பையனுக்குப் பன்னிரண்டு முடிந்தால் 500 ரூபாய் 1,000 ஆக வேண்டும். வவுனியா வாத்தியார் மருமகள் மகனின் பிறந்தநாளுக்கு மூன்று மாதம் முன்பே பிறப்புச் சான்றிதழை நகல் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். கேக் கிடையாது, மனு எழுதத்தான் என்னிடம் வந்தார். புதுக் குழந்தையின் பெயரைச் சேர்ப்பது, கல்யாணமாகி இன்னொரு முகாமுக்குப் போன பெண்ணின் பதிவை மாற்றுவது, எல்லாவற்றுக்கும் இப்படித் தாளும் நடையும் உண்டு. தாள் நகரும் வரை காசு வராது.

வங்கியிலும் ஒரு கூத்து. திருகோணமலைப் பாட்டியின் கணக்கில் ஒரு மாதம் சில நூறு ரூபாய் குறைந்தது. பாட்டி முதலில் பேரனைத்தான் சந்தேகப்பட்டார். நான் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு அபராதமாம். வருகிற காசை முழுக்க எடுத்தால்தான் பாட்டிக்கு மாதம் ஓடும், முழுக்க எடுத்தால் அபராதம். எந்த வங்கி என்பது வேண்டாம். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத கணக்காக மாற்றித் தரச் சொல்லி நான்கு முறை நடந்த பிறகு மாற்றினார்கள். போன காசு போனதுதான். பாட்டி பேரனிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, ஒரு மிட்டாய் பாக்கெட் வாங்கிக்கொடுத்தார், பற்றில்.

எல்லாவற்றிலும் பெரிய முடிச்சு, காசு ஆளோடு போகாமல் முகாமோடு கட்டப்பட்டிருப்பது. அதிகாரிகள் வந்து ஆள் எண்ணும் செக்கிங் நாளில் ஆள் முகாமில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேள்வி வரும், காசு நிற்கும். நமக்கு களியக்காவிளை தாண்டினால் கேரளா. அங்கே பெயிண்டருக்குக் கூலி கூடுதல். திருவனந்தபுரத்தில் ஒரு மாத வேலை கிடைத்த ஆள் நடுவில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஓடிவந்து முகம் காட்டிவிட்டுப் போக வேண்டும். மேஸ்திரிக்கு அது பிடிக்காது, அடுத்தமுறை வேறு ஆளைக் கூப்பிடுவார். வேலைக்குப் போகாமல் காசை நம்பி இருக்கிறார்கள் என்று வெளியே சொல்கிறோம், வேலைக்குப் போனால் காசை நிறுத்துகிற ஏற்பாட்டையும் நாமே வைத்திருக்கிறோம். பாதுகாப்புக் காரணம் சொல்வார்கள். நாற்பது வருடமாக இங்கே இருக்கிறவர்களுக்கு, இங்கேயே பிறந்து இங்கேயே பிள்ளை பெற்றவர்களுக்கு, அந்தக் காரணம் எவ்வளவு நாள் என்று எனக்குப் புரியவில்லை.

காசு செய்யாத காரியங்களும் இருக்கின்றன. என்ஜினியரிங் முடித்த பையன் முகாமில் பெயிண்ட் அடிக்கிறான். கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கிடைத்தது, படித்தான். ஆனால் குடியுரிமை இல்லாதவனுக்கு அரசு வேலை இல்லை, பாஸ்போர்ட் இல்லை, பல கம்பெனிகளில் தாளைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர்கள் இல்லை. 1,500ஐ 5,000 ஆக்கினாலும் இந்தப் பூட்டு திறக்காது. பணக்கொடை ஒரு குடும்பத்தைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும். ஏறிப்போகிற படி வேறு கைகளில் இருக்கிறது.

இனி உங்கள் சங்கத்து விஷயத்துக்கு வருகிறேன். பாய் வேண்டாம். போர்வையும் வேண்டாம். மன்னார் அக்கா வீட்டில் பரண்மேல் கவர் பிரிக்காத பாய் எட்டு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு சங்கத்தின் பெயர் அச்சடித்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருகிறவர்கள் ஏற்கெனவே மூன்று நான்கு பேர் உண்டு, பொங்கலுக்கு அரசாங்கமே ரேஷன் அட்டைக்காரர்களுக்குக் கொடுக்கும்போது இவர்களுக்கும் கொடுக்கிறது. டிசம்பர் கடைசியில் மழை விட்டு வேலையும் தொடங்கிவிடும். நீங்கள் வைத்திருக்கும் பணத்தை ஜூன் வரை வைத்திருங்கள். பள்ளிக்கூடம் திறக்கும், இடவப்பாதி பிடிக்கும், வேலை நிற்கும், இந்த மூன்றும் ஒரே வாரத்தில் வந்து விழும். அப்போது வீட்டுக்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ, வீட்டுப் பெண்ணின் கணக்கில் போடுங்கள். முகாமுக்குள் வெளியாட்கள் போய் எதையும் செய்ய அதிகாரிகளிடம் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு ஏப்ரலிலேயே எழுதிக்கொடுத்துவிடுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை முகாம் தலைவரையும் அங்குள்ள மகளிர் குழுவையும் சேர்த்து உட்காரவைத்துக் கேளுங்கள், ஒருவரை மட்டும் கேட்டால் அவருடைய சொந்தக்காரர்கள் பட்டியல்தான் வரும். பேனர் அடிக்கிற காசுக்கு இன்னும் ஒரு வீட்டைச் சேர்க்கலாம்.

போட்டோ எடுக்காமல் இருக்க முடியுமா என்று உங்கள் செயலாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் பாயே வாங்கிக்கொடுங்கள், ஒன்பதாவதாகப் பரணில் இருக்கட்டும்.